நத்தைக்கு உப்பு தூவினால் மண்புழு சாகுமா?

கேள்வி: ஐயா, வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் அரை ஏக்கரில் இலவம்பாடி முள்ளுக் கத்திரி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் பெரிய பெரிய நத்தைகள் ஏறி இலையைத் தின்கின்றன. கல் உப்பு தூவச் சொல்கிறார்கள், சிலர் மயில்துத்தம் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். மண்புழுவுக்கும் இதே வழவழ உடம்புதானே, அதுவும் செத்துவிடுமா?

பதில்: சாகும். சொல்லப்போனால் நத்தையைவிட மண்புழுவுக்குத்தான் ஆபத்து அதிகம். இரண்டும் வழவழப்பாக இருப்பதோடு ஒற்றுமை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

நத்தை மெல்லுடலி. அதன் உடம்பில் கண்டங்கள், அதாவது வளையம் வளையமான பிரிவுகள், கிடையாது. தலை, ஊர்ந்து போகிற தசைப்பாதம், ஓட்டுக்குள் சுருண்ட குடல், அவ்வளவுதான். ஓட்டைச் சுரப்பது மேன்டில் என்ற சதைப் போர்வை. அதற்கு அடியில் இருக்கும் அறைதான் நுரையீரல். ஆபத்து என்றால் ஓட்டுக்குள் போய், வாயிலைச் சளியால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும்.

மண்புழுவுக்கு ஒளிய ஓடு இல்லை. நம் ஊரில் சாதாரணமாகக் காணும் லாம்பிட்டோ மாரிட்டி புழுவில் 165 முதல் 190 கண்டங்கள் வரை உண்டு. நுரையீரலும் இல்லை, ஈரத் தோல்தான் மூச்சு. உப்பு மழையில் கரைந்து இறங்கினால் தோல் வழியாக நீர் வெளியேறிவிடும். மயில்துத்தத்தின் தாமிரம் மண்ணிலேயே தங்கிப் புழுக்களை வருஷக்கணக்கில் வதைக்கும். உப்பு கத்திரி வேருக்கும் கேடு. இரண்டையும் வயலில் போடாதீர்கள்.

வித்தியாசம் வாயிலும் இருக்கிறது, நமக்குப் பிடி கொடுப்பது அதுதான். நத்தையின் நாக்கில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசையாக உண்டு. அதை அரம் மாதிரி தேய்த்து இலையைச் சுரண்டுகிறது. மண்புழுவுக்குப் பல்லே இல்லை. மட்கியதை மண்ணோடு விழுங்கி, அரைவைப்பையில் அரைத்துக்கொள்ளும். பச்சை இலையை அது கடிக்காது.

அதனால் சாயங்காலம் வரப்போரம் ஈரக் கோணிச்சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் கழிவோ வையுங்கள். விடியற்காலையில் அங்கே அடைந்திருப்பதைக் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி இந்த நத்தைகள் மூலம் மனிதனுக்கு வரக்கூடும், வெறுங்கையால் தொடாதீர்கள். பிடித்ததை வாளி உப்புத் தண்ணீரில் போடலாம், ஆனால் அந்தத் தண்ணீரை வயலில் கொட்டக் கூடாது.

அப்படியும் அடங்கவில்லை என்றால் மெட்டால்டிஹைடு என்ற நத்தைக்கொல்லியின் 2.5 சதவீதக் குருணையைச் சாக்கடியில் மட்டும் கொஞ்சமாக வைக்கலாம். மண்புழுவுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. நாயும் மாடும் தின்றால் உயிருக்கே ஆபத்து, அவற்றை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மண்ணைக் கிளறும்போது, அரை சென்டிமீட்டர் அளவில் வெளிர்மஞ்சள் முட்டைகள் நூற்றுக்கணக்கில் ஒரே குவியலாகக் கிடந்தால் அது நத்தை முட்டை, அழித்துவிடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக, அதைவிடச் சிறியதாகத் தனித்தனியே கிடப்பது பெரும்பாலும் மண்புழுவின் முட்டைக்கூடு. விட்டுவிடுங்கள்.