எதிரொலியை எடுத்துவிட்டால் கமீலியன்ஸ் பாட்டில் என்ன மிஞ்சும்?

கேள்வி: போஸ்ட்-பங்க் (பங்க் ராக்குக்குப் பின் வந்த ராக் வகை) பாடலை மின்சாரம் இல்லாத அக்கூஸ்டிக் கிட்டாரில் வாசித்தால் சப்பென்று இருக்கிறதே, ஏன்?

மான்செஸ்டர் பக்கத்து மிடில்டனில் 1981இல் தொடங்கிய ‘தி கமீலியன்ஸ்’ இதற்கு நல்ல பாடம். தகுதிக்கேற்ற பெயர் கிடைக்காத குழு. 1987இல் பிரிந்து, மறுபடி சேர்ந்ததும் 2000இல் ‘ஸ்ட்ரிப்’ என்ற ஆல்பத்தில் பழைய பாடல்களை அக்கூஸ்டிக்காக வாசித்தார்கள்.

சிக்கல் டிலே பெடலில்தான்; மின்கிட்டாரின் ஒலியைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தரும் கருவி அது. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட். டிலேயை அதில் முக்கால் பங்கு, அதாவது 375, வைத்தால் கை வாசிக்கும் சுரங்களின் இடைவெளியில் எதிரொலி வந்து உட்காரும். கேட்பவருக்கு இரண்டு மடங்கு சுரம். அக்கூஸ்டிக்கில் அந்தப் பாதி காணாமல் போகிறது. கம்பியும் சீக்கிரம் அடங்கிவிடும். அந்த ஓட்டையை அடைக்க எல்லோரும் வறட்டு வறட்டென்று ஸ்ட்ரம் செய்கிறார்கள், அதாவது எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அடிக்கிறார்கள். பாட்டு அங்கேதான் கெடுகிறது.

எதிரொலிச் சுரங்களையும் விரலாலேயே, கொஞ்சம் மென்மையான அழுத்தத்தில் வாசியுங்கள். இரண்டு கிட்டார் இருந்தால் ஒருவர் சாதாரண டி கார்டு பிடிக்கட்டும். மற்றவர் 7ஆம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் 7ஆம் கட்டம்) கேப்போ, அதாவது கம்பிகளை மொத்தமாக அழுத்தும் கிளிப், மாட்டி ஜி கார்டின் வடிவம் பிடித்தால் அதே டி, உயரத்தில் மணி மாதிரி ஒலிக்கும். இருவரும் ஒரே இடத்தில் பிடித்தால் கூழாகிவிடும்.

பேஸ் கிட்டாரை மட்டும் நீக்கிவிடாதீர்கள். இந்த வகைப் பாடல்களில் பாதி மெட்டு அதில்தான் இருக்கும்.