இன்ஜெக்டர் கிளீனிங்: கெரசின், தின்னர், பாச்சை உருண்டை... கேளுங்க சொல்றேன்

மூலக்கடை பக்கம் பம்ப், நாசில் லேப்ல வேலை பாக்குறேன். இன்ஜெக்டர்னா இன்ஜினுக்கு பெட்ரோலோ டீசலோ பீச்சுற பார்ட், நாசில்னா அதோட முனை. இன்னிக்கு லீவு, அதனால கேளுங்க. மொதல்லயே ஒண்ணு, வண்டி இழுக்கலன்னா எடுத்தவுடனே இன்ஜெக்டர் மேல பழி போடாதீங்க.

கொடுங்கையூர், பிஎஸ்6 ஸ்கூட்டர்: காலைல ஸ்டார்ட் ஆக லேட் ஆவுது, சிக்னல்ல ஆஃப் ஆவுது. டேங்க்ல ரெண்டு பாச்சை உருண்டை போடு, இன்ஜெக்டர் சுத்தமாயிடும்னு மாமா சொல்றாரு. போடலாமா அண்ணே?

மாமாகிட்ட சொல்லுங்க, பாச்சை உருண்டைய பீரோல போடச் சொல்லி. அது பெட்ரோல்ல கரையுமே தவிர இன்ஜெக்டர் முனைல ஒட்டுன கசட ஒண்ணும் பண்ணாது. வண்டி நாள்கணக்கா நின்னு பெட்ரோல் ஆவியாச்சுன்னா கரைஞ்சது திரும்ப கட்டி தட்டும். சில உருண்டை நாப்தலீனே கிடையாது, குளோரின் சேந்த வேற ஐட்டம், எரிஞ்சா ஆசிட் வரும்.

இப்ப உங்க வண்டிக்கு வருவோம். சாவி ஆன் பண்ணதும் டேங்க் பக்கம் ‘வ்ர்ர்’னு ரெண்டு செகண்ட் சத்தம் வருதா? அதான் பம்ப், கிட்டத்தட்ட மூணு பார் பிரஷர் கட்டுது. சத்தம் இழுவையா, மந்தமா வந்தா பேட்டரியப் பாருங்க, அடுத்து பம்ப் அடியில இருக்கிற வடிகட்டி வலை. சத்தம் நல்லா இருந்தா ஏர் ஃபில்டர், பிளக், அப்பறம் த்ராட்டில் பாடி, அதாவது இன்ஜினுக்குள்ள போற காத்த கூட்டிக் குறைக்கிற பார்ட். சிக்னல்ல ஆஃப் ஆவுறதுக்கு த்ராட்டில் பாடில படியிற கருப்பு அழுக்குதான் நெறைய தடவ காரணம், ஸ்பிரே அடிச்சி துணில தொடச்சா வேலை முடிஞ்சிது. இது எல்லாம் பாத்தும் சரியாகலன்னா இன்ஜெக்டர கழட்டி அல்ட்ராசோனிக்ல (ஒலி அதிர்வால கழுவுற தொட்டி) போட்டு, ஸ்பிரே எப்டி விழுதுன்னு பாக்கணும். ஒரே ஓட்டைல இருந்து கோடா ஒழுகுச்சுன்னா அடைப்பு, பூவா விரிஞ்சா நல்லாருக்கு.

தண்டையார்பேட்டை, கார்: கடைல விக்கிற பாட்டில் கிளீனர் எல்லாம் ஏமாத்து வேலையா?

எல்லாமே இல்ல. லேபிள்ல பாலிஈதர்அமைன், சுருக்கமா பிஇஏன்னு போட்டிருந்தா வாங்கலாம், சூட்டுலயும் தாக்குப்பிடிச்சு படிஞ்சத கரைக்கிற சரக்கு அது. ஃபுல் டேங்க்குக்கு பாட்டில்ல போட்ட அளவுதான், ரெண்டு பாட்டில் ஊத்துனா ரெண்டு மடங்கு சுத்தம் ஆவாது. ஆனா அது லேசான படிவுக்குதான். முழுசா அடைச்சது பாட்டில்ல திறக்காது. உங்களுது நேரா சிலிண்டர்லயே பீச்சுற டைரக்ட் இன்ஜெக்ஷன்னா, இன்ஜெக்டருக்கு உதவும், இன்டேக் வால்வு கார்பனுக்கு உதவாது, ஏன்னா பெட்ரோல் அந்த வால்வத் தொடவே தொடாது.

திருவொற்றியூர், பைக்: அசிட்டோன் கொஞ்சம் ஊத்துனா மைலேஜ் ஏறும்ங்கிறாங்க.

ஏறாது. இன்ஜெக்டர்ல லீக் ஆவாம அடைக்கிற வளையம், ஓ ரிங், பெரும்பாலும் விட்டான் ரப்பர், பெட்ரோலுக்குத் தாங்கும், அசிட்டோன்ல உப்பிடும். உப்பி கிழிஞ்சி சூடான இன்ஜின் மேல பெட்ரோல் சொட்டுச்சுன்னா மைலேஜப் பத்தி யோசிக்க வண்டி இருக்காது. தின்னரும் இதே கதைதான்.

பெரம்பூர், ஆட்டோ: நம்மளுது எல்பிஜி, இன்ஜெக்டர் கிளீனர் ஊத்தலாமா?

வேணாம்பா, கேஸ் கிட்காரர்கிட்ட போ.

காசிமேடு, போட்: என்னா தம்பி, கெரசின பேய் மாரி பயமுறுத்துறானுங்க எல்லாரும். எங்க போட் இன்ஜின்ல டீசல்ல கெரசின் கலந்து எத்தினி வருசமா ஓட்டுறோம், ஒண்ணும் ஆவல. நாசில் கூட கெரசின்லதான் கழுவுறோம்.

நைனா, ரெண்டையும் பிரிச்சிக்கோங்க. கழட்டுன நாசில கெரசின்ல ஊறப்போட்டு பிரஷ்ல தேய்க்கிறது சரி, நாங்களும் அதான் பண்றோம். டேங்க்ல ஊத்துறது வேற. உங்களுது பழைய மெக்கானிக்கல் பம்ப், கேம் பக்கம் இன்ஜின் ஆயில் ஓடுது, நாசில் ஏறக்குறைய 200 பார்ல திறக்குது. அதனால அடிய வாங்கிட்டு ஓடுது. ஒண்ணும் ஆவலன்னு சொல்லாதீங்க, பம்ப் உள்ள டீசல அமுக்குற பிளஞ்சர் தேயுது, அது உங்க கண்ணுக்குத் தெரியல.

வியாசர்பாடி, டீசல் கார்: அப்போ பெரியவர் சொல்றதுல பாதி கரெக்ட்தானே? நானும் ஒரு லிட்டர் ஊத்தி பாக்குறேன்.

இதுக்குத்தான் பயந்தேன். ப்ரோ, உங்களுது காமன் ரெயில், அதாவது ஹை பிரஷர் டீசல் ஒரே பைப்ல நின்னு எல்லா இன்ஜெக்டருக்கும் போவுது. 1600 பார், அதுக்கு மேலயும் போவும், நாசில் ஓட்டை தலைமுடி கனத்துக்கு வரும். கார்ல இருக்கிற அந்த ஹை பிரஷர் பம்புக்கு தனியா ஆயில் கிடையாது, டீசலேதான் ஆயில். கெரசினுக்கு வழவழப்பு கம்மி. உள்ள இரும்பு உரசி தூள் வரும், அந்தத் தூள் ரெயில், நாலு இன்ஜெக்டர், ரிட்டர்ன் லைன்னு எல்லாத்துலயும் போவும். கழட்டிப் பாத்தா ஃபில்டர்ல வெள்ளி ஜிகினா மாரி மின்னும், அதப் பாத்தாலே தெரிஞ்சிடும், மொத்த செட்டும் மாத்தணும்னு.

காசிமேடு, போட்: பழைய சரக்குதான் உறுதி, பாத்தியா!

உறுதிதான் நைனா, ஒத்துக்கறேன், மறுக்கவே இல்ல. அதுக்காக புது காருக்கு உங்க வைத்தியத்த எழுதிக் குடுக்காதீங்க, நம்ம பசங்க படிச்சிட்டு ஊத்திடுவானுங்க.

வியாசர்பாடி, டீசல் கார்: டூ ஸ்ட்ரோக் ஆயில் சேத்தா வழவழப்பு வந்துடும்ல?

பிஎஸ்6 டீசல்ல கந்தகம் 10 பிபிஎம்தான், கந்தகத்த எடுக்குறப்ப போன வழவழப்புக்கு மருந்து ரிஃபைனரிலயே கலந்துதான் அனுப்புறாங்க. நீங்க ஆயில் ஊத்துனா சாம்பல் சைலன்சர் லைன்ல புகைக் கரிய பிடிக்கிற ஃபில்டர், டிபிஎஃப்ல போய் உக்காரும். விடுங்க ப்ரோ.

வண்ணாரப்பேட்டை: இன்ஜெக்டர நானே கழட்டி, 12 வோல்ட் குடுத்து ஸ்பிரே கேன்ல கழுவலாமா? வீடியோல பாத்தேன்.

பெட்ரோல் இன்ஜெக்டர்னா முடியும், ஆனா வீட்டுக்குள்ள கூடாது. கிளிப் வைக்கிறப்ப வர்ற சின்ன பொறி, கேன்ல வர்ற ஆவி, ரெண்டும் சேந்தா முகம் போயிடும். தொடர்ந்து வோல்ட் குடுக்காதீங்க, சும்மா தட்டித் தட்டி எடுங்க, இல்லன்னா காயில் சுட்டுடும். டீசல் இன்ஜெக்டர்ல இந்த வேலையே வேணாம். இன்னொண்ணு, டீசல் நாசில் டெஸ்டர்ல ஸ்பிரே வர்ற எடத்துல விரல் நீட்டாதீங்க, தோலுக்குள்ள டீசல் ஏறிடும், வெளில ஊசி குத்துன மாரிதான் தெரியும். வலி இல்லன்னு வீட்டுக்குப் போவாம உடனே ஆஸ்பத்திரி, ஸ்டான்லில கை சர்ஜரிக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு.

எருக்கஞ்சேரி: கெரசின் ஊத்தலாமா?

மேல படிங்க.

பட்டேல் நகர்: ப்ரோ பெட்ரோல்ல கெரசின் கொஞ்சமா?

கொஞ்சமா விஷம் குடிப்பீங்களா? வேணாம்.

மணலி, கண்டெய்னர் லாரி: டிரைவர் தெரியாம ஆட்புளுவ டீசல் டேங்க்ல ஊத்திட்டான். இன்னும் ஸ்டார்ட் பண்ணல.

சாவியவே போடாதீங்க, ஆன் பண்ணாலே பம்ப் இழுக்கும் வண்டிகள் இருக்கு. அது யூரியா தண்ணி, உள்ள போனா துருவும் உப்பும் சேந்து இன்ஜெக்டரையும் பம்பையும் தூக்கிடும். அப்டியே டோ பண்ணி டேங்க மொத்தமா வடிச்சி, ஃபில்டர மாத்தி, அப்பறம் பேசலாம். ஸ்டார்ட் பண்ணலன்னு சொன்னதுதான் இன்னிக்கு கேட்ட நல்ல செய்தி.

காசிமேடு, போட்: தம்பி, நாசில் ஆறும் எடுத்துட்டு வரவா? ஒரு சிலிண்டர் புகை தள்ளுது.

கொண்டாங்க நைனா. எது எந்த சிலிண்டர்னு பெயின்ட்ல மார்க் போட்டுட்டு கழட்டுங்க, காப்பர் வாஷர் புதுசு வாங்கிடுங்க.