அஞ்சாவது படித்தவருக்கு ஏன் அட்டாக்?

தம்பி, அஞ்சாவது வரை மட்டும் படித்து, காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கும் ஒல்லியான அப்பாவுக்கு எப்படி அட்டாக் வந்தது, ஆபீசில் உட்கார்ந்தே தொப்பை போட்ட பெரியப்பா நன்றாகத்தானே இருக்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். 2019-இல் வந்த 'ப்யூர்' ஆய்வு, இந்தியா உட்பட 20 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பார்த்தது, அதிலும் இதே கதைதான். ஏழை நாடுகளில் குறைவாகப் படித்தவர்களுக்கு மாரடைப்பை வரவழைக்கும் ஆபத்துக் காரணிகள் மொத்தத்தில் குறைவு, ஆனாலும் மாரடைப்பும் சாவும் அவர்களுக்குத்தான் அதிகம், ஏனென்றால் வைத்தியம் சரியாகக் கிடைப்பதில்லை. பணக்கார நாடுகளில் இந்த இடைவெளி சின்னது.

வண்ணாரப்பேட்டையில் என் மாமனாரும் இப்படித்தான், பிபி மாத்திரை அட்டையில் நாலு போனதும் "தலைசுத்தல் நின்னுடுச்சு, எதுக்கு?" என்று அலமாரியில் போட்டுவிடுவார். சீட்டில் இருக்கும் இங்கிலீஷ் அவருக்கு வெறும் கிறுக்கல். அட்டையின் பின்னால் பேனாவால் சூரியன், நிலா வரைந்து கொடுத்தோம், இப்போது ஒழுங்காகப் போடுகிறார்.

நீங்களும் அதைச் செய்யுங்கள், டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்த விடாதீர்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருமா என்று பக்கத்து சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அப்புறம், அப்பாவுக்கு பீடி உண்டா? அதை நீங்கள் எழுதவே இல்லையே.