மொரீஷியஸுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் விலங்கியல் இளநிலை முடித்து, மொரீஷியஸில் கடலறிவியல் முதுநிலை படித்து, 2024இல் ஊர் திரும்பினேன். அங்கே படிக்கப் போகும் நெல்லை, தென்காசி மாவட்டத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரம், மாணவர்: பாபநாசத்தில் நீந்திப் பழகியவன் நான். அங்கே கடலில் தைரியமாக இறங்கலாமா, அக்கா?

தம்பி, ஆற்றில் நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கடல் அதிக ஆபத்து, ஏனென்றால் பார்வைக்கு அது குளம்போல இருக்கும். தீவின் பெரும்பகுதியைப் பவளப்பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, சுற்றி நிற்பதால் வெளிக்கடலின் அலை பாரிலேயே உடைந்துவிடுகிறது. உள்ளே இடுப்பளவுத் தண்ணீர் தெளிவாகவும் அசைவற்றும் கிடக்கும். ஆனால் பாரைத் தாண்டி உள்ளே கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டுமல்லவா? பாரில் ஆங்காங்கே உள்ள திறப்புகள் வழியாகத்தான் அது வெளியேறுகிறது. உவரிக்காரர்கள் நீவாடு என்று சொல்லும் இழுப்பு அந்த இடங்களில் கடுமையாக இருக்கும். எதிர்த்து நீந்திக் கரை சேர முயன்றால் களைத்துப்போவீர்கள். உள்ளூர் மீனவர் கைகாட்டாத இடத்தில் இறங்காதீர்கள்.

இன்னொன்று கல்மீன், கல்லைப்போலவே கிடக்கும் நச்சு மீன். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அதை லாஃப் என்கிறார்கள். முதல் பருவத்தில், தீவின் தென்கிழக்குக் கரையில் முழங்கால் தண்ணீரில் கடற்புல் எண்ணிக்கொண்டிருந்தபோது, வெறுங்காலால் பாசி படிந்த கல் ஒன்றை மிதித்தேன். அது கல் அல்ல. அதன் முதுகில் இருக்கும் பதின்மூன்று முள்களில் ஒன்று குதிகாலுக்குப் பக்கத்தில் இறங்கியது. முதலில் ஒரு சுருக். பத்து நிமிடத்திற்குள் வலி தொடைவரை ஏறி, கால் என்னுடையதாகவே இல்லை. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வீட்டிலிருந்து வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, தன் கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டு, என் காலை அதற்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த நஞ்சு வெப்பத்தில் சிதையும் புரதம் என்பதைப் பிறகுதான் படித்தேன். தோல் வேகாமல் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பனிக்கட்டி வைக்காதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். ஆகவே தடித்த அடியுள்ள காலணி இல்லாமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

தென்காசி, தாயார்: மகளுக்கு என்னென்ன கட்டிக்கொடுக்கலாம்?

பருப்புப்பொடி, இட்லிப்பொடி, அல்வா இவற்றை நன்றாக அடைத்துக் கொடுங்கள், அம்மா. கறிவேப்பிலை, விதை, செடி, பச்சைக்காய் வேண்டாம். தாவரப் பொருள்களுக்கு முன் அனுமதி கேட்பார்கள். தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை போன்றவற்றில் அங்கே கண்டிப்பு மிக அதிகம். மருத்துவர் சீட்டு இருந்தாலும் அனுமதி பெறாமல் கொண்டுபோக வேண்டாம். தேங்காய்க்குப் பஞ்சமில்லை என்பதால் சொதி அங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஒரு கம்பளிச் சட்டையை மறக்காதீர்கள். நமக்குக் குற்றாலச் சாரல் விழும் ஆனி, ஆடியில் அங்கே குளிர்காலம். நடுமேட்டு நிலத்திலுள்ள கியூர்பிப் பக்கம் துணி நாள்கணக்கில் காயாது. நம் ஊர் மூன்று உருண்டை முள் மின்செருகி பொதுவாகப் பொருந்தாது, பிரிட்டிஷ் வகைச் செவ்வக முள் வேண்டும்.

வள்ளியூர், மாணவி: அங்கே மருத்துவம் படித்தால் இங்கே செல்லுமா?

என் துறை அல்ல. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளைப் படியுங்கள்: ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதப் படிப்பும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் கேட்கிறார்கள். பணம் கட்டும் முன் ஆணையத்திடமே எழுதிக் கேளுங்கள்; முகவர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

சங்கரன்கோவில், மாணவர்: மொரீஷியஸ் ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிறதாமே? தமிழை வைத்துச் சமாளித்துவிடலாமா?

முடியாது. வகுப்பில் ஆங்கிலம், செய்தித்தாளில் பிரெஞ்சு, பேருந்திலும் சந்தையிலும் கிரியோல். போகும் முன்பே கிரியோல் நூறு சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள். நோட்டில் தமிழ் இருப்பது உண்மைதான். 1998இல் வெளியிட்ட நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்திருந்த தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது அங்குள்ள தமிழர்கள் எதிர்த்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சிட்டார்கள். ஆனால் அந்தத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல்தான்.

சுரண்டை, வாசகர்: வீட்டில் பேசாதவர்கள் நோட்டுக்காக மட்டும் போராடினால் போதுமா? பேச்சு இல்லாதவரைத் தமிழர் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது, ஐயா. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1730களில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் கொண்டுபோனார்கள். 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக ஆள்கள் போனார்கள். அவர்கள் இறங்கிய போர்ட் லூயிஸ் படித்துறையை இன்றும் காணலாம். சுப்பராயன் என்ற பெயர் அங்கே சூப்ராயேன் ஆயிற்று. இத்தனை தலைமுறை தோட்டத்து மொழிக்குள் வாழ்ந்த பின்னும் தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை நாள்.

நான் குடியிருந்த வீட்டு ஆச்சியிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. அதில் முருகன் பாட்டுகளைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருந்தார். போன புதிதில் ஒருநாள் அவர் பாடும்போது, உதவி செய்வதாக நினைத்து, 'வழி' என்ற சொல்லைத் திருத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். மறுபடி என் முன்னால் அதைத் திறக்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்தத் தீவில் நான் செய்த பிழைகளில் கல்மீனை மிதித்ததுகூட ஆறிவிட்டது, இது ஆறவில்லை. அங்கே போகிறவர்கள் யாருடைய தமிழையும் திருத்தாதீர்கள்.

மேலப்பாளையம், வாசகர்: பொருள் தெரியாத பாட்டு எத்தனை நாள் நிற்கும்? சுரண்டைக்காரர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

பொருள் தெரிந்துகொள்ளத்தான் ஆச்சி கடைசியில் என்னை அழைத்தார். ஒவ்வொரு மாலையும் இரண்டு வரி என்று அந்த நோட்டு முழுவதற்கும் கிரியோலில் பொருள் எழுதிக் கொடுத்தேன். என் கிரியோல் வளர்ந்ததே அப்படித்தான். பொருள் கேட்கிறவரிடம் நீங்கள் தமிழரா என்று விசாரிப்பது நியாயம் ஆகாது. இதைப் பற்றி மேலும் ஆறு பேர் எழுதியிருக்கிறீர்கள். என் பதில் இதுதான்.

திசையன்விளை, மாணவர்: கடலில் குளிக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். காலணி.

பாளையங்கோட்டை, தந்தையார்: புயல் வந்தால் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும்?

நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயலை எதிர்பார்க்க வேண்டும். எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வருவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை வைத்து முதல் மூன்று எண்களை ஏற்றுவார்கள். அந்தக் காற்று வந்தேவிட்டால் நான்கு. ஒன்றிலேயே தண்ணீர், மெழுகுவர்த்தி, சமைக்காமல் உண்ணும் உணவு வாங்கிவிட வேண்டும்.

ஆனால் அந்த எண் காற்றுக்கு உரியது, வெள்ளத்துக்கு அல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்து தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நான் தீவில் இருந்துகொண்டு தொலைபேசியில் அழுதேன். ஒரு மாதத்திற்குள், 2024 ஜனவரி 15 அன்று, பெலால் புயலின் மழை போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை உருட்டிக்கொண்டு போனது. பிள்ளைகள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஓடையையும் பள்ளமான சாலையையும் விட்டு முதலிலேயே விலக வேண்டும். புயலின் கண் மேலே வரும்போது காற்று அடங்கும். முடிந்துவிட்டது என்று வெளியே வரக் கூடாது, எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும்.

களக்காடு, மாணவர்: பகுதிநேர வேலை கிடைக்குமா?

குடிவரவு அலுவலகத்தைக் கேளுங்கள்.

உவரி, மாணவி: நாங்கள் கடற்கரையிலேயே பிறந்தவர்கள், அக்கா. எங்களுக்குமா காலணி?

உங்களுக்கும்தான், அம்மா. உவரி மணலில் பழகிய கால் அந்தப் பாரை அறியாது. மெல்லிய ரப்பரை முள் துளைத்துவிடும். அடியை வளைத்துப் பார்த்து, எளிதில் வளையாததை வாங்குங்கள். தண்ணீரில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல், தரையோடு தேய்த்தபடி மெதுவாக நடங்கள்.