பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்குக்கு "கிராங்க் செய்வது" என்றால் என்ன?

ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய பைக்கை யாழ்ப்பாணத்துக் கராஜில் விட்டால், சத்தத்தைக் கேட்டுவிட்டு "கிராங்க் செய்ய வேணும்" என்பார்கள். கிராங்க் என்பது பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் எஞ்சின் அச்சு. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட், அது பிடித்திருக்கும் கிராங்க் பின், நடுவில் உள்ள பேரிங் மூன்றையும் மாற்றுவதுதான் அது. டூ-ஸ்ட்ரோக்கில் அந்தப் பேரிங்குக்கெனத் தனி ஒயில் தொட்டி கிடையாது. பெற்றோலோடு கலந்து வரும் ஒயில்தான் நனைக்கிறது. ஒயில் குறைந்தால் முதல் அடி அதற்குத்தான்.

பிரஸ் என்ற அழுத்து இயந்திரத்தில் கிராங்கைக் கழற்றிப் புதுப் பின்னை இறுக்குவது பெரிய விஷயமில்லை. நேராக்குவதுதான் வேலை. மாட்டுவண்டி அச்சு கோணினால் சக்கரம் ஆடுமே, அப்படித்தான் இரு பக்க அச்சும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் எஞ்சின் அதிரும். கோணலை அளக்கும் டயல் கேஜ் வைத்து, செப்புச் சுத்தியலால் தட்டித் தட்டி, கோணலைப் பொதுவாக 0.05 மில்லிமீற்றருக்குள் கொண்டுவருவார்கள். அவசரக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

ரொட் பக்கவாட்டில் சற்று அசைந்தால் கிராங்க் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இடைவெளி வேண்டியதே, மேலும் கீழும் ஆடினால்தான் கோளாறு.