ஒதுக்கிய மீனின் வயிற்றில் என்ன? நண்டு வலை, கரைவலை கேள்வி பதில்

பாக் விரிகுடா, மன்னார் வளைகுடாக் கரைகளில் வலை கழற்றும்போது விலைபோகாத காரல் குஞ்சு, கீச்சான், பேத்தை, பொடிக் கெளிறு எல்லாம் ஓரமாக ஒதுக்கப்படும். அவை கடலில் எதைத் தின்று வாழ்கின்றன என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

ஐயா, காரல் வயிற்றில் மணலும் வருகிறது, மிதவை உயிரியும் வருகிறது. எதை அதன் உணவு என்று எழுதுவது? (ஆய்வு மாணவி)

முதலில் வாயைப் பாருங்கள் அம்மா, வயிறு அப்புறம். இடுக்கியால் மேல்தாடையை மெல்ல இழுத்தால் வாய் குழாய்போல் நீளும். கீழ்நோக்கி நீண்டால் அது தரையில் மேயும் காரல்: கடற்புழு, பொடிச் சிப்பி, சேற்றில் கிடக்கும் சிறு ஓட்டுயிர்கள். மேல்நோக்கி நீண்டால் நீரில் மிதக்கும் கோப்பிபாட் (மிகச் சிறிய ஓட்டுயிர்) போன்றவைதான் முக்கிய இரை. நேர் முன்னே நீண்டு, கோரைப்பல்லும் தெரிந்தால் அது சிறு மீனும் இறாலும் பிடிக்கும் வகை. மூன்றையும் "காரல்" என்று ஒரே பாட்டிலில் போட்டுவிட்டால் நீங்கள் சொல்லும் குழப்பம்தான் மிஞ்சும்.

மணல் இரை அல்ல. தரையில் மேயும்போது கூடவே உள்ளே போவது. அதைத் தனியாக எடை போட்டுக் குறியுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். இன்னொன்று: உணவுக்குழாயைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். அது ஒளிரும் பாக்டீரியா குடியிருக்கும் ஒளியுறுப்பு. ஒட்டிக்கொண்ட இரை என்று நினைத்துச் சுரண்டி எடுத்துவிட வேண்டாம்.

கெளிறு 50 அறுத்தேன், பாதிக்கு மேல் காலி வயிறு. பட்டினியா கிடக்கிறது?

அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள். நண்டு வலை மாலையில் விட்டுக் காலையில் எடுப்பது. முன்னிரவில் மாட்டிய மீன் விடியும்வரை உயிரோடு கிடந்தால் வயிற்றில் இருந்ததைச் செரித்துவிடும். செத்த பிறகும் நம் கடல் நீரின் சூட்டில் இரை கரைந்துகொண்டே இருக்கும். அதனால் வலை விட்ட நேரம், எடுத்த நேரம் இரண்டையும் குறித்தே ஆக வேண்டும். கரைக்கு வந்ததும் ஐஸில் புதைத்து, அன்றே அறுங்கள்.

அடுத்தது வாந்தி. வலையில் திமிறும் மீன் கக்கிவிடும். இரைப்பை தொளதொளவென்று விரிந்து, உள்ளே சளி மட்டும் இருந்தால் கக்கியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். சுருங்கி, சுவர் தடித்து மடிப்பு விழுந்திருந்து, பித்தப்பையும் நிரம்பியிருந்தால் நெடுநேரமாகத் தின்னவில்லை.

மூன்றாவது கெளிறுக்கே உரியது. ஆண் கெளிறு முட்டையை வாயில் அடைகாக்கும். கோலிக்குண்டு போன்ற பெரிய முட்டைகள். அந்த நாட்களில் அது இரை எடுப்பதில்லை. முட்டை வலையிலேயே உதிர்ந்திருக்கலாம் என்பதால் வாயை மட்டும் பார்த்தால் போதாது. ஆண், பெண் பிரித்துக் கணக்கிடுங்கள். காலி வயிறு ஆணில் மட்டும் குவிந்தால் காரணம் புரிந்துவிடும். அறுக்கும்போது கெளிறின் முள் குத்தினால், குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய அளவு வெந்நீரில் (45 டிகிரியைத் தாண்டாமல்) அரைமணி நேரத்துக்குக் குறையாமல் முக்கி வையுங்கள்; வலி தணியும். அப்படியே மருத்துவரிடமும் காட்டுங்கள்.

கரைவலையில் வந்த தும்பிலியின் வாயில் நெத்திலி. சேர்க்கலாமா?

கூடாது. வலையின் பைப்பகுதியான மடி இறுகும்போது பக்கத்தில் சிக்கியதை விழுங்கியது அது. வாயிலும் தொண்டையிலும் இருப்பதை விடுங்கள். இரைப்பைக்குள் போய்த் தோல் கரையத் தொடங்கியதை மட்டும் எண்ணுங்கள்.

கீச்சான் குஞ்சின் வயிற்றில் வெறும் செதிள். வலையில் உதிர்ந்ததா?

இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. கீச்சான் குஞ்சு மற்ற மீன்களின் செதிளைக் கொத்தித் தின்னும் பழக்கம் உள்ளதுதான். குடலின் கடைசிப் பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கேயும் செதிள் இருந்தால் வலைக்கு வருமுன்பே தின்றது.

அண்ணா, பேத்தை எங்கள் வலையில் நண்டையே கடித்துப்போடுகிறது. கருவாடு போட்டாவது தீர்க்கலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. ஈரலிலும் சினையிலும் நஞ்சு மிகுதி. வேகவைத்தாலும் உப்பிட்டுக் காயவைத்தாலும் போகாது. பூனை நாய்க்கும் போடக் கூடாது. நண்டைக் கடிப்பதில் வியப்பில்லை: நான்கு பல்தகடுகள் சேர்ந்த அலகு அதற்கு, ஓட்டை உடைத்துத் தின்பதற்கே அமைந்தது. உயிரோடு விடுவதானால் தண்ணீருக்கு மேலே தூக்காதீர்கள். காற்றைக் குடித்து ஊதிவிட்டால் மிதந்துகொண்டே கிடக்கும். ஊதியிருந்தால் தலை மேலே இருக்கும்படி நீருக்குள் பிடித்தால் காற்று வெளியேறும். விரல் அலகுக்கு எட்டாமல் இருக்கட்டும்.

இரையை எப்படிப் பதப்படுத்துவது, எப்படிக் கணக்கிடுவது?

கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு. கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்துங்கள். பிறகு கழுவி 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: போராக்ஸ் சேர்க்காத ஃபார்மலின் அமிலமாகிச் செவிக்கல்லை (மீனின் உட்காதில் இருக்கும் சிறு கல்) கரைத்துவிடும். செரித்துப்போன இரைமீனை அடையாளம் காட்டுவது அந்தக் கல்தான். மீன் தின்னும் இனமென்றால் நேரே ஆல்கஹாலில் போடுவது நல்லது.

கணக்கு இப்படி: 40 மீனில் 10 காலி என்றால் காலி விகிதம் 25 சதவீதம். மீதி 30 வயிற்றில் 18-ல் கடற்புழு இருந்தால் அதன் நிகழ்வு 60 சதவீதம். புழு எண்ணிக்கையில் 20 சதவீதம், கன அளவில் 35 சதவீதம் என்றால் (20 + 35) × 60 = 3,300 என்பது அதன் முக்கியத்துவ எண். எண்ணிக்கையை மட்டும் நம்பினால் நூறு கோப்பிபாட் ஒரு இறாலை மறைத்துவிடும். எத்தனை மீன் போதும் என்பதற்குப் பொது எண் கிடையாது. அறுத்த மீன் கூடக் கூட இரை வகை எத்தனை ஆகிறது என்று கோடு வரையுங்கள்; புதிய வகை வருவது நின்று அந்தக் கோடு தட்டையாகும்வரை அறுங்கள்.

படகிலிருந்து வீசிய ஒதுக்கு மீனையே இந்த மீன்கள் தின்றிருந்தால்?

கெளிறும் நண்டும் அப்படித் தின்னும். இரைத்துண்டின் அளவை மீனின் வாய் அகலத்தோடு ஒப்பிடுங்கள். அந்த வாய்க்குள் முழுசாக நுழைய முடியாத பெரிய மீனின் சதைத்துண்டு கிடந்தால், செத்ததைக் கொத்தியிருக்க வேண்டும். அதை "வீசிய மீன்" என்று தனி வரிசையில் எழுதுங்கள்.

நண்டு வலையில் சிக்கிய தாழையில் (கடற்புல்) கடல்குதிரை வந்தது. அதையும் அறுக்கலாமா?

கூடாது. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள உயிர் அது, வைத்திருப்பதே குற்றம். அதற்கு இரைப்பையும் கிடையாது. குழல்வாயால் உறிஞ்சிய பொடி ஓட்டுயிர்கள் நேரே குடலுக்குப் போகும். உயிரோடு இருந்தால் வாலை இழுக்காமல், அது பற்றியிருக்கும் தாழையோடு சேர்த்தே அங்கேயே நீரில் விட்டுவிடுங்கள்.