அடிவான நிலவும் நிழலில் கிடக்கும் கட்டமும்: காட்சி மயக்கம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பௌர்ணமியன்று கடலோரத்தில் எழும் நிலவு, நள்ளிரவு நிலவைவிட மிகப் பெரிதாகத் தெரிகிறதே, காற்று மண்டலம் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறதா ஐயா?

பதில்: இல்லை. காற்று மண்டலம் நிலவைச் சிவக்கச் செய்யும், அடிவானத்தருகே அதன் உருவத்தை மேலும் கீழுமாகச் சற்று நசுக்கவும் செய்யும், பெரிதாக்காது. இரு நேரங்களிலும் நிலவு நம் கண்ணில் பிடிக்கும் கோணம் ஏறத்தாழ அரைப் பாகைதான். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துப் பாருங்கள். இரு நிலவும் மறையும். உண்மையில், நிலவு தலைக்கு மேலே இருக்கும்போது புவியின் ஆரமான சுமார் 6,400 கிலோமீட்டர் அளவுக்கு நமக்கு அருகில் வந்துவிடுவதால், எழும் நிலவின் பிம்பமே சற்றுச் சிறியது.

அப்படியானால் பெரிதாக்குவது மூளைதான். அடிவானம் வெகு தொலைவில் இருப்பதாக மூளை கணிக்கிறது. தொலைவில் இருந்தும் அதே அளவு பிம்பம் விழுகிறது என்றால் பொருள் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று அது முடிவு செய்கிறது என்பது பழைய விளக்கம். தண்டவாளம் போல் குவியும் இரு கோடுகளுக்கு நடுவே சம நீளக் கோடுகள் இரண்டை வைத்தால் மேலே உள்ளது நீளமாகத் தெரியும் என்று 1911இல் இத்தாலியரான மாரியோ பொன்சோ காட்டியதும் இதையொட்டியதே. ஆனால் எழும் நிலவு அருகில் இருப்பதாகவே பலரும் சொல்கிறார்கள். அது இந்த விளக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்பதால் ஆய்வாளரிடையே விவாதம் தொடர்கிறது.

கேள்வி: சதுரங்கப் பலகைமீது உருளையின் நிழல் விழும் படத்தில், கருப்பாகவும் வெள்ளையாகவும் தெரியும் இரு கட்டங்கள் ஒரே சாம்பல் நிறம் என்கிறார்கள். நம்பவே முடியவில்லை.

பதில்: எட்வர்ட் ஏடல்சன் 1995இல் உருவாக்கிய படம் அது. காகிதத்தில் இரண்டு துளைகள் இட்டு மற்றவற்றை மறைத்தால் உங்களுக்கே விளங்கும். இதைப் பிழை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. வெயிலில் கிடக்கும் கரித்துண்டு, அறைக்குள் இருக்கும் வெள்ளைத் தாளைவிட அதிக ஒளியைக் கண்ணுக்கு அனுப்பும். ஆயினும் கரி கருப்பாகவும் தாள் வெள்ளையாகவுமே தெரிகின்றன. விழும் வெளிச்சத்தைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் மூளை நமக்குத் தருகிறது. அந்தப் படத்திலும் அது இதையே செய்கிறது: நிழலில் இருந்தும் இவ்வளவு ஒளி வருமானால் அது வெள்ளைக் கட்டமே என்று தீர்மானிக்கிறது. வெறும் ஒளியளவை மட்டும் கண்டிருந்தால், மர நிழலுக்குள் நுழைந்தவரின் சட்டை நிறம் மாறிவிட்டதாக எண்ணியிருப்போம்.

கேள்வி: உண்மை தெரிந்த பிறகும் மயக்கம் விலகாதது ஏன்?

பதில்: பார்வைக் கணிப்பு நம் அறிவைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. 1889இல் ஜெர்மானியரான முல்லர்-லையர் வரைந்த, ஒன்றில் அம்புமுனைகள் உள்நோக்கியும் மற்றதில் வெளிநோக்கியும் மடிந்த சம நீளக் கோடுகள் இரண்டை அளவுகோல் வைத்து அளந்த பின்னும், அவை சமமற்றவையாகவே தெரியும்.

கேள்வி: எனக்கு இத்தகைய மயக்கங்கள் மிகுதியாகத் தெரிகின்றன. கண்ணில் கோளாறா?

பதில்: இத்தகைய படங்களில் மயங்குவது நல்ல பார்வைக்கும் இயல்பே, கவலை வேண்டாம். ஆனால் படம் எதுவும் இல்லாமல், சன்னல் கம்பியோ கதவு நிலையோ திடீரென வளைந்து நெளிந்து தெரிந்தால், அது விழித்திரையின் நடுப்பகுதி பழுதுபட்டதன் அறிகுறியாக இருக்கலாம். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.